கொக்கி ஊசியும் ஒரு கவுளி வெற்றிலையும்

பன்னீர்ப் புகையிலையின் வாசனைக்கு டிக்கெட் கிடையாது. டவுன் பஸ்ஸில் அது எந்த இருக்கையிலும் வந்து உட்காரும். போன வாரம் கும்பகோணத்திலிருந்து திரும்பும்போது எனக்கு முன்னால் இருந்தவர் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அவ்வளவுதான். என் வலது கை என்னைக் கேட்காமல் எழுந்தது. இல்லாத ஒரு இலையைத் தொடை வேட்டியில் இரண்டு பக்கமும் துடைத்தது. கட்டைவிரல் நகம் காம்பைக் கிள்ளியது. ஆட்காட்டி விரல் இலையின் முதுகில் சுண்ணாம்பு தடவியது. பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். நான் அவசரமாக என் பையிலிருந்து கொக்கி ஊசியையும் நூல் உருண்டையையும் எடுத்துப் பின்ன ஆரம்பித்தேன். அம்மாள் பையோடு எழுந்து வேறு இருக்கைக்கே போய்விட்டார்.

ஐம்பத்து மூன்று வயது, நரைத்த மீசை, கையில் குரோஷா. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் டவுன் பஸ்ஸில் தாராளமாகக் காலை நீட்டிக்கொள்ளலாம். ஜன்னலுக்கு வெளியே வயல்கள் ஓட, உள்ளே என் விரல்கள் ஓட, இரண்டுக்கும் நடுவில் இந்த ஊசி என் கைக்கு வந்த கதையும் ஓடியது.

அது ஓர் ஐப்பசி மாதம். பல்வலி என்று போன இடத்தில், டாக்டர் பல்லை விட்டுவிட்டுக் கன்னத்தின் உட்பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைவிட இருபது வயது இளைய பெண்மணி. விளக்கை அணைத்துவிட்டுத்தான் பேசினார்.

“எத்தன வருஷமா வெத்தல போடுறீங்க?”

“இருபத்தெட்டு வருஷங்க.”

“ஒரு நாளைக்கு எத்தன வாட்டி?”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். என் மனைவி பதில் சொன்னாள்: “தூங்கற நேரம் போக மீதி நேரமெல்லாம் ஒரே வாட்டிங்க டாக்டர். நடுவுல எடுக்கறதே இல்ல.”

உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது; கட்டைவிரல் நகத்தளவு. டாக்டர் சொன்னார்: “மூணு மாசம் டைம் தர்றேன். வெத்தல, சீவல், புகையில எதுவும் உள்ள போகக் கூடாது. அதுக்குள்ள சுருங்குச்சுன்னா சந்தோஷம். இல்லன்னா கொஞ்சம் வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்.” ‘கொஞ்சம்’ என்பதைத் தன் விரல் நுனியில் அளந்து காட்டினார். அந்தக் கொஞ்சத்தைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் வற்றியது.

வாய் பயந்துவிட்டது, பணிந்துவிட்டது. பணியாதவை கைகள்தான். இருபத்தெட்டு வருடமாக அவற்றுக்கு ஓர் உத்தியோகம் இருந்தது: துடைப்பது, கிள்ளுவது, தடவுவது, மடிப்பது. திடீரென்று வேலை நீக்கம். முதல் வாரத்தில் அவை முருங்கைக்கீரையை ஆய்ந்தன, ஆய்ந்த கீரையை மறுபடி ஆய்ந்தன. செய்தித்தாளின் ஓரங்களைக் கிழித்து மடித்தன. டிவி ரிமோட்டைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தன. மூட மறந்தன.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சனிக்கிழமைகளில் குரோஷா போடுவாள். ரிமோட்டின் உறுப்புகளைச் சேகரித்துக்கொண்டே சொன்னாள்: “வாயத்தான் டாக்டர் மூடச் சொன்னாங்க. கைக்கு நான் ஒரு வழி பண்றேன்.” ஒரு கொக்கி ஊசியையும், யாருக்கும் பிடிக்காததால் நாலு வருடமாகப் பரணில் கிடந்த பெரிய பச்சை நூல் உருண்டையையும் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். முடிச்சு, அதற்குள் ஒரு கண்ணி, கண்ணிக்குள் இன்னொரு கண்ணி. அரைமணியில் எனக்குச் சங்கிலி போட வந்துவிட்டது. அதைத் திருப்பி வரிசை கட்ட இரண்டு நாள் ஆயிற்று. வரிசை நேராக வர மூன்று வாரம்.

நிம்மதியில்லாத ஆசாமி நான். புத்தகத்தில் இருக்கும் டிசைனைப் பார்த்துப் போடு என்றால் எனக்குக் கொட்டாவி வரும். உத்தியோகத்தில் தினமும் அதைத்தானே செய்கிறேன்? நில அளவை வரைபடங்களைப் பார்த்துப் பார்த்துப் பிரதி வரைவது என் வேலை. ஆகவே டிசைனை வெளியே தேடக் கிளம்பினேன். அதற்கு முன்பும் இந்த ஊரில்தான் இருந்தேன். ஆனால் கையில் ஊசி இருப்பவனுக்கு உலகம் வேறு மாதிரி. கொசுவலை ஒரு டிசைன். பஸ் ஜன்னல் கம்பி ஒரு டிசைன். காபி பில்டரின் அடித்தட்டில் இருக்கும் ஓட்டைகளை எண்ணி ஒரு காலைக் காபியை ஆறவிட்டேன். மிட்டாய்க் கடையில் ஜாங்கிரி சுற்றுகிறவரின் கையை வெறித்துப் பார்த்தபடி நின்றதில், அவர் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றி, “தள்ளி நில்லுங்க சார், கண்ணு படுது” என்றார். மழை விட்ட பிறகு வயல் தண்ணீரில் சொட்டு விழுந்து விரியும் வளையம், அந்த வளையத்தை இடிக்கும் அடுத்த வளையம், நடவு முடிந்த வயலில் சாய்வாகப் பார்த்தால் தோன்றி நேராகப் பார்த்தால் மறையும் பச்சைக் கோடுகள். எல்லாவற்றையும் யாரோ எனக்கு முன்பே பின்னி வைத்திருந்தார்கள். நான் கண்ணிகளை எண்ணினால் போதும்.

எண்ணுவதில் சங்கடமும் உண்டு. ஒருநாள் வரப்பில் நின்று நாற்று வரிசைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள்.

“என்னா சார், எண்ணிக்கிட்டே நிக்கிறீங்க? இறங்கி நாலு முடி நாத்து நட்டுட்டு எண்ணுங்க, கணக்கு நல்லா வரும்.”

“டிசைன் பாக்கறேம்மா. குரோஷாவுக்கு.”

“எதுக்கு?”

“பின்றதுக்கு. சோபாவுக்கு விரிக்கிற மாதிரி.”

அவள் பக்கத்துப் பெண்ணிடம் திரும்பினாள். “அக்கா, சாருக்கு சோபாவுல விரிக்கணுமாம். வரிசையக் கோணலாப் போட்டுடாத, உக்காந்தா குத்தும்.” வயல் முழுக்கச் சிரிப்பு. தண்ணீர்கூட நெளிந்தது.

சாயங்காலங்களில் நான் உட்காரும் இடம் வாய்க்கால் மதகு. அங்கே எனக்குத் துணை கண்டக்டர் அண்ணன். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘சரி’ என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ‘ரைட்’ என்பார். அவருடைய அப்பா கூலிக்கு நட்ட வயல்களுக்கு நடுவிலேயே மூன்று மா நிலத்தை, முந்நூறு குழியை, ஓய்வுப் பணத்தில் வாங்கியவர். இருபத்தெட்டு வருடத்தில் நான் போட்ட வெற்றிலையில் பாதி, அவருடைய எவர்சில்வர் பெட்டியிலிருந்து வந்தது. எனக்குத் திட்டு வந்ததைச் சொன்ன அன்று அவர் பெட்டியை எங்கள் நடுவிலிருந்து எடுத்துத் தன் மறுபக்கம் வைத்தார். பிறகு, “ரைட். இனிமே நான் அந்தப் பக்கம் பாத்துப் போட்டுக்கறேன்” என்றார். சொன்னபடியே செய்தார். பெட்டியைத் திறக்கும்போது முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொள்வார். வாசனை மட்டும் என் பக்கம் திரும்பி உட்காரும்.

அந்த மரியாதைக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று, அவருடைய நிலத்தின் வரைபடத்தைப் பார்த்து, டீ டம்ளர் வைக்க ஒரு விரிப்பு பின்னிக் கொடுத்தேன். வாங்கி முழங்காலில் விரித்தார். வடக்கு வடக்கே இருக்கும்படி முழங்காலைத் திருப்பினார்.

“வாய்க்கா இந்தப் பக்கம். ரைட். மோட்டார் கொட்டா இங்க. ரைட்.” விரல் நின்றது. “தம்பி, இது வடக்கு வரப்பா?”

“ஆமாண்ணே.”

“என் கூடப்பொறந்த தம்பி வயலுப் பக்கத்துலேருந்து உள்ள தள்ளியிருக்கே?”

“ரெண்டு கண்ணிதாண்ணே. நூல் இழுத்துக்கிச்சு.”

“ரெண்டு கண்ணின்னா எத்தன குழி?”

உத்தியோக புத்தி. மனதுக்குள் கணக்குப் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். “நாலு குழி வரும்ணே.”

“நாலு குழியா!” மதகிலிருந்து இறங்கி நின்றுவிட்டார். “அவன் கண்ணுல இது பட்டுச்சுன்னா என்னாகும் தெரியுமா? ‘பாருங்க, வரைபடம் போடுறவரே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துட்டாரு’ன்னு நாலு பேரக் கூட்டிக்கிட்டு வந்துடுவான். பிரிங்க தம்பி, இப்பவே பிரிங்க.”

வடக்கு வரப்பு வரை நூலை உருவி, இரண்டு கண்ணி சேர்த்துப் பின்னி, எல்லையை மீட்டுக் கொடுத்தேன். என் உத்தியோகத்தில் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்த எல்லைத் தகராறு வேறில்லை. அந்த விரிப்பின் மேல் அவர் ஒருநாளும் டம்ளர் வைக்கவில்லை. பாஸ்புக்கோடு சேர்த்துப் பீரோவில் வைத்துவிட்டார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி நான் அதுவரை பின்னியவற்றைச் சோபாவில் வரிசையாக அடுக்கினாள். விடைத்தாள் திருத்துகிற முகம்.

“இது என்ன?”

“திருப்பனந்தாள் போற வழியில பாத்த நாத்தங்கால்.”

“இது?”

“டிராக்டர் டயர் தடம்.”

“இது?”

“ஜாங்கிரி.”

“பச்ச ஜாங்கிரி. சரி, இது?”

“திருவிடைமருதூர் கோபுரம்.”

அவள் கோபுரத்தை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தாள். நான் பார்த்தேன். மேலே அகலம், கீழே கூர், நடுவில் ஒரு நரம்பு. நாற்றங்காலைத் திருப்பினாள். டயர் தடத்தைத் திருப்பினாள்.

“கோபுரமும் இல்ல, ஜாங்கிரியும் இல்ல. அத்தனையும் வெத்தல. இதுல காம்பு வேற வச்சிருக்கீங்க.”

எதை ஆரம்பித்தாலும் பாதியில் என் கை வரிசையை ஒடுக்கிக்கொண்டே போய்க் கூராக முடித்திருந்தது. உலகத்தைப் பின்னியதாக நினைத்துக்கொண்டு ஒன்றரை மாதமாக ஒரே ஒரு இலையைப் பின்னியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கைக்கு இவ்வளவு ஞாபகம் இருந்தால் வாய்க்கு எவ்வளவு இருக்கும்? அவள் திட்டவில்லை. காலண்டரைப் பார்த்து, “இன்னும் முப்பத்தொம்பது நாள்” என்றாள். கணக்கு டீச்சர்கள் ஆறுதல் சொல்லும் முறை அது.

அன்றே அக்காவின் போன். திருவிடைமருதூரில் இருக்கிற என் அக்கா. அவள் மகளுக்குத் தை மாதத்தில் நிச்சயதார்த்தம். டாக்டரிடம் நான் திரும்பப் போக வேண்டிய நாளுக்கு நாலு நாள் முன்னால்.

“டேய், மாப்பிள்ள வீட்டுல பதினோரு தட்டாம். நம்ம பதிமூணு வைக்கணும். எல்லாரும் பழத்தைக் கட்டி, சாக்லேட்ட ஒட்டி அலங்காரம் பண்றாங்க. நீ என்னமோ பின்றியாமே. ஒரு தட்டு ஒன் கையால. தாய்மாமன் தட்டுன்னு சொல்லிக்கறேன்.”

எப்படியும் வெற்றிலையாகத்தான் முடியப்போகிறது. பேசாமல் வெற்றிலையையே பின்னிவிடுவது என்று தீர்மானித்தேன். ஒரு கவுளி, நூறு இலை. மாதிரிக்கு ஓர் அசல் இலை வேண்டியிருந்தது. என்னைத் தனியே அனுப்ப மனைவிக்கு மனம் வரவில்லை. கும்பகோணத்துக்குக் கூடவே வந்து, ஒரே ஒரு கொழுந்து வெற்றிலை வாங்கி, வீட்டுக்கு வந்ததும் அதன் முதுகில் சிவப்புப் பேனாவால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தின்றுவிட்டு வேறு இலையை வைத்துவிடக் கூடாதாம். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கையெழுத்துச் சோதனை. வாடிச் சருகான பிறகும் அந்த இலை ஆஜர் கொடுத்தது.

நன்றாக வந்திருந்தது என்று நானே சொல்லக் கூடாது. இலைகளுக்குக் கரும்பச்சை, நரம்புகளுக்கு இளம்பச்சை. பாதி பஸ்ஸில் பின்னியது, பாதி மதகில். வாழைநாரால் கட்டித் தட்டில் வைத்தபோது அக்கா அசந்துபோய் அதன் மேல் தண்ணீர் தெளிக்கப் போனாள். தடுத்தேன்.

நிச்சயதார்த்தத்தில் தட்டுகளை மாற்றி வைத்து, பத்திரிகை வாசித்து முடித்ததும் எல்லாரும் தளர்ந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா நடுவில். கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள், கறுப்புக் கண்ணாடி. அவர் பேசிக்கொண்டே கையை நீட்டினார். அசல் தாம்பூலத் தட்டு அவருக்கு வலப்பக்கம் இருந்தது. அவர் நீட்டியது இடக்கையை.

கட்டிலிருந்து ஓர் இலையை உருவினார். தொடையில் துடைத்தார். காம்பைக் கிள்ளப் பார்த்தார், அது வரவில்லை. விட்டுவிட்டார். சுண்ணாம்பைத் தாராளமாகத் தடவி, சீவல் வைத்து, மடித்து, வாயில் போட்டுக்கொண்டார். அக்காவின் விரல்கள் என் முழங்கைக்குள் இறங்கின. பெரியப்பா மென்றார். இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி மென்றார்.

“நல்ல கனமான எல. நாருதான் கொஞ்சம் ஜாஸ்தி. எந்த ஊர்க் கொடிக்கால்?”

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “அது... நான் பின்னினதுங்க.”

அவர் அதை வெளியே எடுத்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். விரித்துப் பார்த்தார். இந்தச் சம்பந்தம் இந்த நூலில்தான் தொங்குகிறது என்று நினைத்தேன். பெரியப்பாவின் வயிறு முதலில் குலுங்கியது, பிறகு தோள், பிறகு நாற்காலி. மண்டபமே சேர்ந்து சிரித்தது. அக்கா என் முழங்கையை விட்டாள்.

அதோடு முடிந்திருக்கலாம். சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் அசல் தட்டிலிருந்து இரண்டு கொழுந்தை எடுத்து, தானே சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து, தன் சொந்த டப்பாவிலிருந்து பன்னீர்ப் புகையிலை ஒரு சிட்டிகை தூவி, அழகாக மடித்து என்னிடம் நீட்டினார்.

“இத்தனைய பின்னின கைக்கு நான் மடிச்சுக் கொடுக்கறேன். பொண்ணுக்குத் தாய்மாமன், வாங்கிக்கங்க.”

எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கொடுக்கிற வெற்றிலையைத் தாய்மாமன் மறுப்பது, கல்யாணத்தையே மறுக்கிற மாதிரி. அக்கா ஒரே மூச்சில் என் காதில் இரண்டு உத்தரவு போட்டாள்: “வாங்கிக்கடா. போட்டுக்காதடா.” வாங்கினேன். எண்பத்தாறு நாள். என் விரல்களுக்கு நடுவில் அது குளிர்ச்சியாக, சின்னதாக, என்னை எத்தனையோ வருடமாகத் தெரிந்த மாதிரி இருந்தது. பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது. மரியாதைக்காகத்தான் என்று மனது சொன்னது. கை ஏற்கனவே உதட்டுக்கு வந்துவிட்டது.

“ரைட்!” என்று ஒரு குரல். எங்களோடு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் அண்ணன் எழுந்து வந்து, என் கையிலிருந்து வெற்றிலையைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். மண்டபம் திகைத்தது.

“எங்க ஊர் வழக்கமுங்க” என்றார் பெரியப்பாவிடம், கைகூப்பி. “தாய்மாமனுக்கு மடிச்சுக் கொடுக்கறத, கூட வந்தவந்தான் போடணும்.”

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. பெரியப்பா யோசித்தார். “அப்படியா? நல்ல வழக்கமா இருக்கே. அப்ப அது கூட வந்தவருக்கு. இந்தாங்க, இது தாய்மாமனுக்கு.” இன்னொன்று மடித்தார். அதையும் அண்ணன் போட்டுக்கொண்டார். “ரெண்டோட நிறுத்துனா ஆகாதுங்க, ஒத்தப்படையா இருக்கணும்” என்று என் அக்கா வீட்டுக்காரர், விஷயம் புரியாமல், தன் பங்குக்கு ஒரு வழக்கத்தைச் சேர்த்தார். மூன்றாவதையும் அண்ணன்தான் போட்டார். இரண்டு கன்னமும் உப்பி, கண்ணில் நீர் கட்டி, தலை சுற்றித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மனைவி பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நாலு நாள் கழித்து அவளுக்குப் பள்ளியில் தேர்வு வேலை. எனக்குத் துணையாக அண்ணன்தான் வந்தார். டாக்டர் டார்ச் அடித்தார். நான் வாயைத் திறந்தபடி ஜன்னல் கம்பியின் கட்டங்களை எண்ணினேன். ஏழு, எட்டு. ஏழு, எட்டு. அதற்கு மேல் எண் வரவில்லை.

“சுருங்கியிருக்கு. நல்லாவே சுருங்கியிருக்கு” என்றார் டாக்டர். “வெட்டறதெல்லாம் இப்ப வேணாம். இப்படியே இருங்க. மாசம் ஒரு வாட்டி காட்டிட்டுப் போங்க.”

வாசலில் நின்ற அண்ணன் சந்தோஷத்தில் வாய் நிறையச் சிரித்தார். சிவப்பு, அடர் சிவப்பு. டாக்டர் அந்தச் சிரிப்பையே பார்த்தார்.

“நீங்க உள்ள வாங்க.”

“நான் துணைக்கு வந்தவங்கம்மா.”

“துணைக்கு வந்தவங்களுக்கு வாய் கிடையாதா? உக்காருங்க.”

முப்பது வருடம் மற்றவர்களை ‘உள்ள போ, உள்ள போ’ என்று விரட்டியவர் உள்ளே போய் உட்கார்ந்தார். டாக்டர் என் வாயைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டுத்தான் பேசினார். “உங்களுக்கும் மூணு மாசம் தர்றேன்.”

அண்ணன் ‘ரைட்’ சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரம். எவர்சில்வர் பெட்டி மடியில், மூடியபடி. அதன் மூடியில் நகத்தால் தட்டிக்கொண்டே வந்தார், சோழபுரம் தாண்டும்வரை. நிச்சயதார்த்தத்தில் எனக்காகப் போட்ட அந்த மூன்றைப் பற்றிப் பேச நான் இரண்டு தடவை வாயெடுத்தேன். இரண்டு தடவையும் அவர் வெளியே அறுவடை மெஷினைக் காட்டி, “தடம் பாருங்க தம்பி, நல்ல டிசைன்” என்று சொல்லிவிட்டார்.

அவர் இறங்கும் இடம் முதலில் வரும். இறங்கினார். ஆனால் நகரவில்லை. நான் நகர்ந்து உட்கார்ந்த ஜன்னலுக்கு வந்து, கம்பிக்கு இடையில் பெட்டியை நீட்டினார்.

“இதுக்கு ஒரு உறை போட்டுக் கொடுங்க தம்பி.”

வாங்கிக்கொண்டேன். கனத்தது. “என்ன டிசைன்ணே?”

“என் வயலப் போடுங்க. வடக்கு வரப்ப சரியா வைங்க.”

“சரிண்ணே. மூடிப் பக்கம் பட்டன் வைக்கவா, நாடா வைக்கவா, தொறக்கறதுக்கு?”

அவர் பஸ்ஸின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“தொறக்கறதுக்கு எதுக்குத் தம்பி வழி? சுத்தி மூடிடுங்க. ரைட், போலாம்!”